திருப்பித் தர முடியாத சாவி

வங்கிக் கிளைகளில் பணப்பெட்டகத்தின் சாவிகளை இருவர் பொறுப்பில் வைப்பது வழக்கம். ஒருவர் விடுப்பில் போனால் அவரிடமிருந்த சாவி யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கைமாறியது என்பதைச் சாவிப் பதிவேட்டில் எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திடுவார்கள். மாற்றுச் சாவிகள் முத்திரையிட்ட உறைக்குள் வேறொரு கிளையில் இருக்கும். இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக ஓடுவதற்கு ஊழியர்களின் நேர்மை ஒரு காரணம் என்றால், சாவி என்ற பொருளின் இயல்பு அதைவிடப் பெரிய காரணம். இரும்புச் சாவி ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். கொடுத்துவிட்டால் கொடுத்தவரிடம் அது இல்லை. கடவுச்சொல்லுக்கு இந்த இயல்பு கிடையாது. சொன்னவரிடமும் அது இருக்கும், கேட்டவரிடமும் இருக்கும். பணி மாறிப் போனவரிடமும், வேலையை விட்டுப் போனவரிடமும், பத்தாண்டுக்கு முன் ஒரு நாள் மட்டும் பழுது பார்க்க வந்தவரிடமும் இருக்கும். நிறுவனங்களின் கணினிகளில் சகலத்தையும் திறக்கும் அட்மின் கணக்குகளின் அறுபதாண்டு வரலாற்றைப் பொதுவாகத் திருடனுக்கும் காவலாளிக்கும் இடையிலான ஓட்டப்பந்தயமாகச் சொல்வார்கள்: திருடன் தேர்ந்தான், காவலாளி பூட்டைக் கெட்டியாக்கினான் என்று. ஆவணங்களைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பலர் சேர்ந்து வைத்திருக்கும் சாவியைத் திரும்ப வாங்க வழியில்லை என்பதே ஆதியிலிருந்து இருந்த குறை. கடவுச்சொல்லை மனிதர் கைபடாமல் மென்பொருளே மாற்றிக்கொண்டிருக்கும் இன்றைய முறை, திரும்ப வாங்குவதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே வழி.

கணினிக் கடவுச்சொல்லின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் எம்ஐடி. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அங்கே 1961 நவம்பரில் சிடிஎஸ்எஸ் என்ற நேரப் பகிர்வு முறையை இயக்கிக் காட்டியது. ஒரே ஐபிஎம் இயந்திரத்தைப் பலர் தனித்தனி முனையங்களிலிருந்து பயன்படுத்தலாம். ஆனால் ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக் கூடாது, ஒருவருக்கு அளந்து கொடுத்த நேரத்தை இன்னொருவர் தின்றுவிடக் கூடாது. கடவுச்சொல் அதற்காக வந்தது. ரேஷன் அட்டையின் வேலைதான் அதற்கு முதலில் இருந்தது. வாரத்துக்குக் கிடைத்த நான்கு மணி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கடவுச்சொல் கோப்பை அச்சிடச் சொல்லி 1962ல் ஒரு துளையட்டையைக் கொடுத்தார். இயந்திரம் மறுபேச்சில்லாமல் அச்சிட்டுத் தந்தது. கால் நூற்றாண்டு கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இதைவிடப் பொருள் நிறைந்தது 1966ல் நடந்தது. சிடிஎஸ்எஸ்ஸின் எடிட்டர் மென்பொருள், ஓர் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்டது. அதனால் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. நிர்வாகிகளின் வசதிக்காக அவர்களுடைய பொது அடைவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும் இன்னொருவர் தினசரி அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பு அறிவிப்பாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்து விழுந்தன. கவனித்த ஒருவர் வேண்டுமென்றே இயந்திரத்தை முடக்கினார். நிர்வாகிகள் பல மணி நேரம் உட்கார்ந்து அனைவரது கடவுச்சொல்லையும் கையால் மாற்றினார்கள். கோர்பட்டோ தம் டூரிங் விருது உரையில் இதைச் சிக்கலான அமைப்புகள் எப்படித் தவறும் என்பதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். என் பார்வையில் இது இன்னும் குறிப்பான ஒன்றுக்குச் சாட்சி. இங்கே எந்தத் திருடனும் இல்லை. ஒருவருக்கென்று வகுத்த இடத்தில் இருவர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

யூனிக்ஸ் இந்தக் குறையைக் கட்டமைப்பாகவே ஆக்கிவிட்டது. பெல் ஆய்வகத்தில் 1969ல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய அந்த இயங்குதளத்தில் ரூட் என்றொரு கணக்கு உண்டு. அதன் எண் பூஜ்யம். அதற்கு எந்தத் தடையும் கிடையாது. எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், எந்தப் பயனராகவும் வேடம் போடலாம். ஆனால் ரூட் என்ற பெயரில் ஓர் ஆளும் கிடையாது. அது ஒரு பதவி. பதவியில் அமர்ந்தவர் யாரென்று இயந்திரத்துக்குத் தெரியாது. ராபர்ட் மாரிஸும் தாம்ப்சனும் 1979ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் மீட்க முடியாத வடிவில் மாற்றி வைப்பதையும், ஒவ்வொன்றிலும் உப்பு என்று பெயரிட்ட தற்செயல் எண் ஒன்றைக் கலப்பதையும் விளக்கியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையாகவோ அகராதியில் அகப்படுவதாகவோ இருந்தன. கட்டுரையின் சாதனை பெரியது. கோப்பைத் திருடினாலும் கடவுச்சொல் எளிதில் கிடைக்காதபடி செய்தது. அந்தக் காப்பு சேமிப்புக்குத்தான். ஓர் ஆய்வகத்தில் ஐந்து பேருக்கு ரூட் கடவுச்சொல் தெரியும் என்றால் எந்த உப்பும் அதைத் தடுக்காது. பத்தே ஆண்டுக்குள், 1988 நவம்பர் 2 அன்று, அதே மாரிஸின் மகன் எழுதிய புழு இணையத்தில் பரவியது. அதன் கையிருப்பில் கடவுச்சொல் ஊகிக்க 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. தந்தை அளந்து காட்டிய பலவீனத்தை மகன் பயன்படுத்தினான் என்று அந்நாளில் பலரும் சுவையாகப் பேசினார்கள்.

ஆலையிலிருந்து வரும்போதே இயந்திரத்தில் பதிந்துவரும் கடவுச்சொற்கள் இதே நோயின் இன்னொரு முகம். ஐபிஎம் பெருங்கணினிகளின் ஆர்ஏசிஎஃப் காவல் மென்பொருளில் முதல் கணக்கின் பெயர் ஐபிஎம்யூசர், கடவுச்சொல் எஸ்ஒய்எஸ்1. டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்தில் சிஸ்டம் என்ற கணக்குக்கு மேனேஜர், ஃபீல்ட் என்ற கணக்குக்கு சர்வீஸ். பழுது பார்க்க வருபவர் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சாவியால் திறக்க வேண்டும் என்ற வசதி எண்ணம்தான் காரணம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைத் துப்புத் துலக்கப் புகுந்த கிளிஃபோர்ட் ஸ்டோல், 1986ல் தொடங்கிப் பல மாதங்கள் பின்தொடர்ந்த ஜெர்மானிய ஊடுருவி, அமெரிக்க இராணுவ நிலையங்களின் கதவுகளை இத்தகைய ஆலைச் சாவிகளைக் கொண்டே திறந்து பார்த்தான். கிடைத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றது பிறகு தெரியவந்தது. முப்பதாண்டு கழித்து 2016ல் மிராய் என்ற தீநிரல் கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்ததும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆலைச் சாவிகளை வைத்துத்தான்.

ஆட்களுக்கு அவரவர் பெயரிலேயே அதிகாரம் கொடுத்தால் பொதுச் சாவியே தேவைப்படாதே என்று ஒருவர் கேட்கலாம். அந்த யோசனை புதிதல்ல. 1980 வாக்கில் பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் சுடோ என்ற சிறு நிரலை எழுதினார்கள். தன் சொந்தக் கடவுச்சொல்லால் நுழைந்தவர், தனக்கு அனுமதித்த சில கட்டளைகளை மட்டும் ரூட்டின் அதிகாரத்தோடு இயக்கலாம். யார் எதை இயக்கினார் என்பதும் பதிவாகும். இன்றும் உலகமெங்கும் ஓடும் நிரல் அது. யூனிக்ஸ் உலகுக்குள் பிரச்சினையின் பெரும்பகுதியை அது தீர்த்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுடோவின் பின்னால் ரூட் கடவுச்சொல் இருந்துகொண்டேதான் இருக்கிறது. சுடோவின் அமைப்புக் கோப்பு பழுதானால் யாராவது அந்த ரூட் கடவுச்சொல்லைத் தேட வேண்டும். அதோடு, நிறுவனம் என்பது யூனிக்ஸ் மட்டுமன்று. ரௌட்டர், ஃபயர்வால், தரவுத்தளம், விண்டோஸ் கணினி, சேமிப்புப் பெட்டி என்று நூறு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தயாரித்தவர் வைத்த ஒற்றை அதிகாரக் கணக்கும் உண்டு. அதை முழுக்க ஒழிக்கவும் முடியாது. அடையாளத்தைச் சரிபார்க்கும் மைய சர்வரே விழுந்த இரவில், அவரவர் பெயரில் நுழைய ஒருவராலும் முடியாது. அன்றைக்கு வேண்டியது பெயரில்லாத அந்தக் கணக்குதான்.

இந்த இக்கட்டுக்குப் பெருங்கணினிக் கூடங்கள் கண்டிருந்த தீர்வு உறை. அதிகாரக் கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறைக்குள் வைத்து, மடிப்பின் மேல் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டுவார்கள். நள்ளிரவில் தேவைப்பட்டவர் பதிவேட்டில் கையெழுத்திட்டு உறையைக் கிழிப்பார். காலையில் பாதுகாப்புப் பிரிவினர் கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறை போட்டு வைப்பார்கள். இதைப் பழங்கால வேடிக்கையாகச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இன்றைய மென்பொருளின் முழுத் தத்துவமும் அந்த உறைக்குள் இருந்தது: எடுத்தவர் யாரென்று தெரியும், எடுத்தது மறைக்க முடியாதபடி தெரியும், வேலை முடிந்ததும் அவர் அறிந்த சொல் செத்துவிடும். கடைசி அம்சம்தான் உயிர். பாக்கி இரண்டும் வங்கிச் சாவிக்கும் உண்டு. மூன்றாவது, கடவுச்சொல்லுக்கு மட்டும் தேவைப்படுவது. ஏனென்றால் உறையை ஒட்டித் திருப்பி வைக்கலாம், படித்தவர் தலையிலிருந்து சொல்லை எடுக்க முடியாது.

உறை முறை சாய்ந்தது எண்ணிக்கையின் பாரத்தால். இரண்டு பெருங்கணினி இருந்த இடத்தில் தொண்ணூறுகளில் இருநூறு சர்வரும் மூவாயிரம் மேசைக் கணினியும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒருமுறை கையால் மாற்றினால், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வீதம், 260 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவருடைய மாதச் சம்பளம் முழுக்க அதற்கே போய்விடும், அப்புறமும் பாதி எழுத்துப் பிழையாக இருக்கும். ஆகவே எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றே: எல்லா இயந்திரத்துக்கும் ஒரே கடவுச்சொல், அதை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடுவது, எக்செல் தாளில் எழுதிப் பொது அடைவில் வைப்பது. விண்டோஸில் இதன் விலை கடுமையானது. 1997ல் பால் ஆஷ்டன் காட்டிய உத்தியின்படி, கடவுச்சொல் தெரியவே வேண்டாம். ஒரு கணினியிலிருந்து எடுத்த அதன் உருமாறிய வடிவத்தை அப்படியே நீட்டினால் அடுத்த கணினியும் திறக்கும். மூவாயிரம் கணினிக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் என்றால் ஒன்று போனது மூவாயிரமும் போனதற்குச் சமம். அதற்கு மாற்றாக மைக்ரோசாஃப்ட் தந்த ஒரு வசதி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எல்லாக் கணினிக்கும் கடவுச்சொல்லை மையத்திலிருந்து அனுப்பலாம் என்ற அந்த ஏற்பாட்டில், கடவுச்சொல்லைப் பூட்டிய சாவியை அந்நிறுவனமே தன் தொழில்நுட்ப ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம்தான் அந்த வழி அடைக்கப்பட்டது.

பலர் கையில் இருப்பது ஆபத்து என்றால் ஒருவர் கையில் மட்டும் விடலாமா? சான்ஃபிரான்சிஸ்கோ நகராட்சி அதற்கும் பதில் தேடிக்கொண்டது. நகரத்தின் ஃபைபர்வான் என்ற வலையமைப்பைக் கட்டிய பொறியாளர் டெர்ரி சைல்ட்ஸ், அதன் ரௌட்டர்களின் கடவுச்சொற்களைத் தன் ஒருவரிடமே வைத்திருந்தார். 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கேட்டபோது சரியானவற்றைத் தரவில்லை. கேட்ட கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அவற்றை அறியும் தகுதி இல்லை, அவர்கள் வலையமைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் தரப்பு. கைதானார். நகர மேயர் கேவின் நியூசம் நேரே சிறைக்கே போன பிறகுதான் அவரிடம் மட்டும் சொன்னார். இத்தனை நாளும் வலையமைப்பு ஒரு நொடி நிற்கவில்லை. அஞ்சல், சம்பளப் பட்டியல், காவல்துறைப் பதிவு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அதன் சொந்தக்காரர்களால் அதற்குள் நுழைய முடியவில்லை. 2010ல் குற்றம் உறுதியாகி அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜூரியில் ஒருவரே நெட்வொர்க் பொறியாளர் என்பது இந்த வழக்கின் வினோதம். சைல்ட்ஸைத் தொழில் தர்மம் காத்த வீரர் என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள், கணினியைப் பணயம் வைத்தவர் என்று ஏசியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடவுச்சொல்லை வாங்கிய பிறகும் நகராட்சி செய்ய வேண்டியிருந்த முதல் வேலை, அத்தனையையும் மாற்றுவது. மேயரிடம் சொன்னதால் சைல்ட்ஸ் அவற்றை மறந்துவிடப் போவதில்லை. பலர் அறிந்தாலும் ஒருவர் அறிந்தாலும் சிக்கல் ஒன்றே: நிறுவனத்தின் சாவி ஒரு மனித நினைவுக்குள் இருக்கிறது, அந்த நினைவு நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல.

மென்பொருள் பெட்டகம் பிறந்தது, உறை முறை சாய்ந்த அந்தத் தொண்ணூறுகளின் சூழலில்தான். அலோன் கோஹனும் உடி மொகாடியும் 1999ல் இஸ்ரேலில் தொடங்கிய சைபர்ஆர்க், முதலில் ரகசியக் கோப்புகளை வைக்கும் மின்பெட்டகத்தைத்தான் விற்றது. அதில் வைக்க மிகப் பொருத்தமான ரகசியம் அட்மின் கடவுச்சொல் என்பது பிறகு தெளிவானது. சந்தையை உருவாக்கியவர்கள் ஊடுருவிகள் என்பதைவிடத் தணிக்கையாளர்கள் என்பதே சரி. கணக்கு மோசடியால் என்ரான் நிறுவனம் வீழ்ந்த பின் 2002 ஜூலையில் அமெரிக்கா கொண்டுவந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கடவுச்சொல் பற்றியதல்ல. கணக்கேடுகள் நம்பத்தக்கவை என்று நிர்வாகம் உறுதி சொல்ல வேண்டும் என்பதே அது. ஆனால் கணக்கேடு தரவுத்தளத்தில் இருக்கிறது. தரவுத்தளத்தை யார் திருத்தியிருக்க முடியும் என்று தணிக்கையாளர் கேட்டால், ‘அட்மின்’ என்பதுதான் பதில். அட்மின் யார் என்றால் பதினைந்து பேர். 2004 டிசம்பரில் கடன் அட்டை நிறுவனங்கள் கூடி வகுத்த பிசிஐ விதித்தொகுப்பு இன்னும் நேரடியாகச் சொன்னது: ஆளுக்கொரு அடையாளம் வேண்டும், ஆலைக் கடவுச்சொல் கூடாது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வங்கிகளுக்கு அனுப்பிய இணையப் பாதுகாப்புச் சுற்றறிக்கையும் அதிகாரக் கணக்குகளைத் தனியே கண்காணிக்கச் சொன்னது. சாவிப் பதிவேட்டை நூறாண்டாக எழுதிவந்த துறைக்குத் தன் கணினிக் கூடத்தில் அது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெட்டகத்தின் வேலைமுறையைச் சொல்வது கடினமன்று. பொறியாளர் தன் சொந்தப் பெயரில் பெட்டகத்துக்குள் நுழைகிறார், எந்த சர்வர், எந்தக் காரணம், எவ்வளவு நேரம் என்று குறிப்பிடுகிறார், தேவையானால் மேலாளர் ஒப்புதல் தருகிறார், கடவுச்சொல் கிடைக்கிறது. நேரம் முடிந்ததும் மென்பொருளே அந்த சர்வருக்குள் போய்க் கடவுச்சொல்லை நீளமான எழுத்துக் குழப்பமாக மாற்றுகிறது. மாற்றியதைக் கொண்டு நுழைந்து பார்க்கிறது. பெட்டகத்திலிருப்பதும் சர்வரிலிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் வேறொரு கணக்கின் துணையால் இரண்டையும் சமன் செய்கிறது. இன்னும் கண்டிப்பான ஏற்பாட்டில் கடவுச்சொல்லைக் கண்ணிலேயே காட்டாமல், பெட்டகமே கதவைத் திறந்து ஆளை உள்ளே விட்டு, அவர் செய்வதைப் படம்பிடித்து வைக்கும். இதில் தானாக மாற்றும் பகுதியை நீக்கிவிட்டால் மீதி எல்லாம் நாடகமாகிவிடும். செவ்வாயன்று எடுத்தவர் அதே சொல்லைக் கொண்டு வெள்ளியன்றும் நுழையலாம். பெட்டகத்தின் பதிவில் செவ்வாய் மட்டும் இருக்கும். பதிவேடு சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் ‘திருப்பித் தந்தார்’ என்ற வரி நிஜமாக நடந்திருக்க வேண்டும். கடவுச்சொல் விஷயத்தில் அது நடக்க ஒரே வழி, அவரிடம் உள்ள சொல்லைச் செல்லாக்காசு ஆக்குவது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுவது வீண் என்று நிபுணர்களே சொல்லிவிட்டார்களே? உண்மைதான். 2010ல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றவைக்கப்பட்ட 7,700க்கு மேற்பட்ட பழைய கணக்குகளைச் சோதித்தார்கள். முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் 41 சதவீதக் கணக்குகளில் அடுத்ததைச் சராசரியாகச் சில நொடியில் பிடிக்க முடிந்தது. 17 சதவீதத்தை ஐந்தே ஊகத்தில் எட்ட முடிந்தது. மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள், ஒரு எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003ல் கடவுச்சொல் அறிவுரையை எழுதிய பில் பர் தாம் சொன்னவற்றுள் பலவற்றுக்காக 2017ல் வருந்தினார். அதே ஆண்டு அந்நிறுவனம் காரணமின்றி மாற்றச் சொல்லாதீர்கள் என்று விதியைத் திருத்தியது. 2019ல் மைக்ரோசாஃப்டும் தன் பரிந்துரையிலிருந்து காலக்கெடுவை நீக்கியது. ஆனால் இதே மைக்ரோசாஃப்ட் 2015ல் லாப்ஸ் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது: ஒவ்வொரு விண்டோஸ் கணினியின் அட்மின் கடவுச்சொல்லையும் தனித்தனியாக, 14 எழுத்தில், 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றும். 2023ல் அதை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்தது. முரண்பாடு போலத் தோன்றும் இது முரண்பாடே அல்ல. ஆய்வுகள் பழித்தது மாற்றத்தை அல்ல, மாற்றத்தை மனித நினைவிடம் ஒப்படைத்ததை. நினைவில் வைக்க வேண்டியவர் பழையதிலிருந்து புதியதைச் செய்வார். நினைவே இல்லாத இயந்திரத்துக்குப் பழையதோடு உறவில்லை. விண்டோஸ் கணினிகள் தம் மைய சர்வரிடம் பேசப் பயன்படுத்தும் சொந்தக் கடவுச்சொல்லை என்டி காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறை, பின்னர் 30 நாளுக்கு ஒருமுறை, சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. அதைப் பற்றி ஒருவரும் குறைபட்டதில்லை. இயந்திரங்களுக்கு இருபதாண்டு முன்பே கிடைத்த வசதி, அவற்றை ஆளும் கணக்குகளுக்கு மட்டும் கிடைக்காமல் இருந்தது.

அடுத்த மறுப்பு ஆலைகளிலிருந்து வருவது. மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடும். இதிலும் நியாயம் உண்டு. நிரல்களுக்குள்ளேயே கடவுச்சொல்லைப் பதித்துவிட்டால், வெளியே மாற்றியதும் நிரல் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். 2010ல் ஸ்டக்ஸ்நெட் புழு சீமென்ஸின் வின்சிசி கட்டுப்பாட்டு மென்பொருளில் பதித்துவைத்த தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது அம்பலமானபோது, ஆலை இயக்கம் கெடும் என்பதால் அதை மாற்றாதீர்கள் என்றே வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை போயிற்று. உலகமே அறிந்த சாவியை மாற்ற முடியாத பூட்டு. ஆனால் இதை மாற்றத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ள முடியாது. கடவுச்சொல்லைக் கல்வெட்டாக்கியதற்கு எதிரான சாட்சி அது. நிரல் தனக்கு வேண்டியதை அவ்வப்போது கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எழுதினால் சிக்கல் தீர்கிறது. மைக்ரோசாஃப்டின் நிர்வகிக்கப்பட்ட சேவைக் கணக்குகள் அப்படித்தான் இயங்குகின்றன. அவற்றின் கடவுச்சொல்லை எந்த மனிதரும் பார்க்க வேண்டியதில்லை. 2015ல் வந்த ஹாஷிகார்ப் வால்ட் இன்னொரு படி போய், கேட்கும்போதே தரவுத்தளத்தில் புதுக் கணக்கொன்றை உண்டாக்கித் தந்து, குறித்த நேரத்தில் அழித்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்புக்கு முழு விடை என்னிடம் இல்லை. எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்தால் பெட்டி போனால் எல்லாம் போகுமே என்பது அது. போயிருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன், பொது அடைவில் கிடந்த ஒரு நிரலுக்குள் பெட்டகத்தின் அட்மின் கடவுச்சொல்லே எழுதியிருந்ததாகச் சொன்னான். பழைய நோய் மருந்துப் பெட்டிக்குள்ளேயே புகுந்த கதை. அதே மாதம், நம் கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து உலகெங்கும் விற்பனையாகும் சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பாஸ்வேர்ட் மேனேஜர் புரோவில் கண்டறிந்த ஓட்டையை ஊடுருவிகள் பயன்படுத்துவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. திருத்தம் முன்பே வெளியாகியிருந்தும் பலர் நிறுவாமல் விட்டிருந்தார்கள். எடுத்த நேரத்துக்குள்ளேயே தனக்கென ஒரு பின்வாசல் கணக்கை உருவாக்கிக்கொள்ளும் நிர்வாகியையும் கடவுச்சொல் மாற்றம் தடுக்காது. கணினி நிர்வாகியாக இருந்த ஸ்னோடன் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விவகாரத்துக்குப் பின் 2013ல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவர் தம் கணினி நிர்வாகிகளில் 90 சதவீதத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்ததன் பின்னே இந்த அச்சம்தான் இருந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு பெட்டியைக் காப்பது மூவாயிரம் எக்செல் வரிகளைக் காப்பதைவிட எளிது என்பது நிற்கிறது. பெட்டி உடைந்தால் உடைந்தது தெரியும். பதினைந்து பேர் நினைவில் இருக்கும் சொல் கசிந்தால் அதுகூடத் தெரியாது.

பெட்டகத்தைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. மாரிஸ், தாம்ப்சன் கட்டுரை வந்த அதே 1979 நவம்பர் இதழில், கணினிச் சங்கத்தின் அதே சஞ்சிகையில், பதினெட்டுப் பக்கம் தள்ளி அடி ஷமீர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இருந்தது. ஒரு ரகசியத்தைப் பல துண்டுகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்ந்தால் மட்டும் அது உருவாகும்படியும், ஒன்று குறைந்தாலும் எதுவுமே தெரியாதபடியும் செய்யும் கணித வழி அது. வங்கியின் இருவர் பொறுப்பை எண்களில் எழுதியது போல இருக்கும். ஹாஷிகார்ப் வால்ட் தன் தலைச்சாவியை இந்த வழியிலேயே பிரிக்கிறது: நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஐந்து துண்டு, திறக்க மூன்று பேர். சைபர்ஆர்க்கின் பெட்டகத்துக்கு மீட்புச் சாவி ஒரு குறுந்தட்டில் வரும். அதை சர்வரில் விட்டுவைக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்கிறது அதன் கையேடு.